தார் ரோடு: ஒரு குப்பையின் வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

குப்பையை ரோட்டில் போடக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ரோடு என்பதே பெரும்பாலும் குப்பையால் ஆனது. செங்கல் சூளையின் உடைசல், இரும்பு ஆலையின் கசடு, விளக்கு வாயு ஆலையின் கழிவு, எண்ணெய் சுத்திகரிப்பில் அடியில் தங்கும் வண்டல், அனல் மின் நிலையத்தின் சாம்பல், இப்போது பிளாஸ்டிக் பை. ஒரு தொழில் வேண்டாம் என்று ஒதுக்கியதை எடுத்துத்தான் அடுத்த தலைமுறை ரோடு போட்டிருக்கிறது.

இதை எழுதக் காரணம், நம்மில் சிலருக்குள் நடக்கும் வாக்குவாதம். கிராமச் சாலையைத் திரும்பப் போடும்போது பிளாஸ்டிக் கலந்து போடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்கிறது ஒரு கட்சி. பிளாஸ்டிக்கை மலையை விட்டு விரட்டப் பாடுபட்ட மாவட்டம் இது, அதையே மண்ணில் பதிப்பதா என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் என்னிடம் படித்தவர்கள்தான். நான் இன்ஜினியர் இல்லை, வரலாற்று வாத்தியார். அதனால் வரலாறு என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

முதலில் நம் மலை. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்ததை வகுப்பில் படித்திருப்பீர்கள். அவருக்குப் பிறகு வந்த முதல் பாதை சிறுமுகையிலிருந்து கோத்தகிரி அருகே உள்ள திம்பட்டி வரை போனது. லெப்டினன்ட் மெக்பர்சன் பொறுப்பில் 1821-இல் தொடங்கி 1823-இல் முடிந்தது. குன்னூர் மலைப்பாதை 1830-களின் தொடக்கத்தில், ஆளுநர் லஷிங்டன் காலத்தில் வந்தது. இன்று பஸ் ஏறும் மேட்டுப்பாளையம் - குன்னூர் ரோட்டின் தடம் அதற்கும் பிறகு கர்னல் லா என்பவர் போட்டது. லாஸ் அருவி என்று சொல்கிறோமே, அது அவர் பெயர்தான்.

அந்தக் காலத்து மலைப்பாதையில் எது ஜல்லியைப் பிடித்து வைத்தது? தார் கிடையாது, சிமென்ட் கிடையாது. இங்கிலாந்தில் அப்போது ஜான் லவுடன் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு புது முறையைப் பரப்பிக்கொண்டிருந்தார். பெரிய பெரிய பாறாங்கல்லை அடியில் அடுக்க வேண்டாம். கல்லைச் சிறிதாக உடை, பரப்பு, நடுவைக் கொஞ்சம் உயர்த்து, தண்ணீர் ஓரத்துக்கு ஓடட்டும், வண்டிச் சக்கரமே கல்லை ஒன்றோடொன்று கவ்வ வைக்கும் என்றார். பாரத்தைத் தாங்குவது உண்மையில் அடியில் இருக்கும் காய்ந்த மண்தான், மேலே இருக்கும் கல் அந்த மண் நனையாமல் காக்கும் கூரை என்பது அவர் கருத்து. இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

பிறகு வந்தவர்கள் ஜல்லிக்கு இடையே கல்தூளையும் சரளை மண்ணையும் தூவி, தண்ணீர் விட்டு, உருளை போட்டு இறுக்கினார்கள். இதுதான் நம் தாத்தாக்கள் சொன்ன கப்பி ரோடு. வட இந்தியச் சமவெளியில் கல் கிடைக்காத இடங்களில் மண்ணுக்குள் முடிச்சு முடிச்சாகக் கிடைக்கும் சுக்கான் கல்லைப் பயன்படுத்தினார்கள். அதில் சுண்ணாம்புச் சத்து உண்டு. நனைத்து இடித்தால் தானே இறுகும். புகழ்பெற்ற கிராண்ட் டிரங்க் ரோட்டின் பெரும்பகுதி அப்படிப் போட்டதுதான்.

சுண்ணாம்பு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். வெறும் சுண்ணாம்பு காற்றில்தான் இறுகும், தண்ணீருக்குள் இறுகாது. அதோடு எரிமலைச் சாம்பலைக் கலந்தால் தண்ணீருக்குள்ளும் கல்லாகும் என்று ரோமானியர்கள் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் எரிமலைச் சாம்பலுக்கு எங்கே போவது? நம் கொத்தனார்கள் சுட்ட செங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு அரைத்தார்கள். அதுதான் சுர்க்கி. சூளையில் உடைந்து போனதும் ஓட்டுத் துண்டும் அதற்குப் போதும். பென்னிகுயிக் 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரைதான். தேனிப் பக்கத்து உறவுகள் குடிக்கும் தண்ணீரை இன்றும் உடைந்த செங்கல்லின் பொடி தாங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இதே வேதியியல்தான் நிலக்கரிச் சாம்பலிலும் நடக்கிறது. சுட்ட களிமண்ணில் என்ன இருக்கிறதோ அதே சிலிக்காவும் அலுமினாவும் அனல் மின் நிலையச் சாம்பலிலும் உண்டு. சுண்ணாம்போ சிமென்டோ கலந்தால் இறுகும். நீலகிரிக்கு 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் வந்தது. தண்ணீரில் எடுத்த மின்சாரம் என்பதால் நம் மலையில் சாம்பல் மேடு இல்லை. கீழே எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடியில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சாம்பலின் அருமை பெருமை தெரியும். துணி காயப்போட முடியாது, கிணறு வீணாகும். 1999-இல் மத்திய அரசு இந்தச் சாம்பலைச் செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் சாலைக் கரைகளுக்கும் பயன்படுத்த வேண்டும் என்று ஆணை போட்டது. டெல்லி நிஜாமுதீன் பாலத்துக்கு ஏறும் சாலையின் கரையே சாம்பலால் எழுப்பியதுதான். நம் ஊர் சந்துகளில் பதித்திருக்கும் பேவர் பிளாக் கல்லிலும் பல இடங்களில் இந்தச் சாம்பல் கலந்திருக்கும்.

இப்போது தாருக்கு வருவோம். 'தார்' என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து நம்மிடம் வந்தது. 1812 முதல் லண்டன் தெருக்களுக்கு நிலக்கரி வாயு விளக்கு வந்தது. நிலக்கரியை மூடிய உலையில் சூடாக்கினால் வாயு வெளியே வரும். கூடவே கறுப்பாக, நாற்றமடிக்கும் பசை ஒன்றும் வரும். வாயுவை விற்றார்கள். பசையை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆற்றில் விட்டார்கள், மீன் செத்தது. அந்தக் கறுப்புப் பசைதான் தார். 1856-இல் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் அந்தத் தாரிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு செயற்கை ஊதாச் சாயம் செய்த பிறகுதான் அதற்கு ஒரு மரியாதை வந்தது.

ரோட்டுக்கு அது வந்தது மோட்டார் காரால். மாட்டுவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் மெக்காடம் ரோடு போதுமாக இருந்தது. ரப்பர் சக்கரம் வேகமாக ஓடியபோது கல்தூளை உறிஞ்சி எடுத்துப் புழுதியாக்கியது. 1902-இல் மொனாக்கோவில் குக்லியெல்மினெட்டி என்ற சுவிட்சர்லாந்து டாக்டர், இந்தப் புழுதியை அடக்க ரோட்டின்மேல் தார் பூசச் சொன்னார். பூசினார்கள், புழுதி அடங்கியது. டாக்டருக்கு 'டாக்டர் தார்' என்றே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அதே சமயம் இங்கிலாந்தில் எட்கர் ஹூலி என்ற இன்ஜினியர் ஓர் இரும்பு ஆலைப் பக்கம் போனாராம். அங்கே ஒரு பீப்பாய்த் தார் ரோட்டில் கொட்டிக் கிடந்தது. அதை மூட, பக்கத்தில் குவிந்திருந்த இரும்புக் கசடைப் போட்டிருந்தார்கள். அந்த இடம் மட்டும் புழுதியில்லாமல் கெட்டியாக இருந்ததாம். அவர் 1902-இல் தாரும் கசடும் கலந்த கலவைக்குக் காப்புரிமை வாங்கினார். டார்மாக் என்று உலகம் சொல்வது அதைத்தான். பாருங்கள், ஒன்று வாயு ஆலையின் கழிவு, இன்னொன்று இரும்பு ஆலையின் கழிவு. நம் நாட்டில் அந்தக் கசடு இன்றும் மலைமலையாகச் சேர்கிறது. 2022-இல் சூரத் பக்கம் ஹசீராவில் ஜல்லிக்குப் பதிலாக முழுக்க எஃகு ஆலைக் கசடையே போட்டு ஒரு கிலோமீட்டருக்கு ஆறு வழிச் சாலை போட்டார்கள். ஜல்லிக்காகக் குன்றுகளை உடைத்துக்கொண்டிருக்கும் நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

இன்று நாம் தார் என்று சொல்வது பழைய நிலக்கரித் தார் அல்ல, பிட்டுமின். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்குவது. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-இல் ஓடத் தொடங்கியது. அதுபோன்ற ஆலைகளின் அடிவண்டல்தான் கொப்பரையில் கொதித்து நம் தெருவுக்கு வருகிறது. பெயர் மட்டும் பழையதே நின்றுவிட்டது.

பழைய தாரை ஏன் விட்டோம் என்பதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமான இடம். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் நிறைய உண்டு. நெதர்லாந்தில் பழைய தார் ரோட்டைத் தோண்டினால் அந்தக் கழிவைத் திரும்ப ரோட்டில் போட அனுமதி இல்லை. தனியாக எடுத்துப் போய் உலையில் எரித்துச் சுத்தப்படுத்துகிறார்கள். தாத்தா மலிவாகப் போட்ட ரோட்டுக்குப் பேரன் இன்று செலவு செய்கிறான்.

இதைவிட மோசமான கதை ஒன்று. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்று ஒரு சிற்றூர். மண் ரோடுகள். புழுதியை அடக்க 1970-களில் ஒரு குத்தகைக்காரர் கழிவு எண்ணெயைத் தெளித்தார். அதில் ஒரு ரசாயன ஆலையின் கழிவும் கலந்திருந்தது, டையாக்சின் என்ற கொடிய நஞ்சு. 1982 டிசம்பரில் வெள்ளமும் வந்தது, சோதனை முடிவும் வந்தது. மறுவருடம் அரசு ஊரையே விலைக்கு வாங்கி, சுமார் 2,000 பேரையும் வெளியேற்றியது. இன்று அந்த ஊர் இல்லை. புழுதி அடங்கியது என்று முதல் நாள் சந்தோஷப்பட்டவர்கள்தான் அத்தனை பேரும்.

ஆகவே கழிவை ரோட்டில் போடலாமா என்று கேட்டால் வரலாறு ஒரே வார்த்தையில் பதில் சொல்லாது. 'எந்தக் கழிவு? உள்ளே என்ன இருக்கிறது? சோதித்துப் பார்த்தது யார்? ரோட்டைத் தோண்டும் நாளில் என்ன ஆகும்?' என்று நான்கு கேள்வி திருப்பிக் கேட்கும். செங்கல் பொடி இந்த நான்கிலும் தேறியது. நிலக்கரித் தார் தோற்றது. டைம்ஸ் பீச்சில் கேள்வியே கேட்கவில்லை.

இனி பிளாஸ்டிக். இந்தக் கதை நம் மதுரையில் நடந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் 2001 வாக்கில் செய்த ஆராய்ச்சி. பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்திலிருந்து வந்தது, பிட்டுமினும் பெட்ரோலியத்திலிருந்து வந்தது, இரண்டும் ஒட்டும் என்று யோசித்தார். அவர் செய்த கெட்டிக்காரத்தனம், பிளாஸ்டிக்கைத் தாரில் போடாமல் கல்லின்மேல் போட்டது. ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக வெட்டிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அரை நிமிடம் ஒரு நிமிடத்தில் உருகி, கல்லைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிந்துவிடும். பிறகு சூடான தாரைக் கலந்தால் அந்தத் தோலை இறுகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோட்டில் தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து தாரை உரித்துவிடும், அங்கேதான் குழி தொடங்கும். பிளாஸ்டிக் தோல் அந்த வழியை அடைக்கிறது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் ரோடு போடச் சுமார் 10 டன் தார் வேண்டும். அதில் ஏறக்குறைய ஒரு டன்னைப் பிளாஸ்டிக்கால் ஈடுகட்டலாம். கேரி பேக், கப், தெர்மாகோல் எல்லாம் போகும். பழைய இரும்புக் கடைக்காரரே எடுக்காத பொருள்கள் இவை. ஆனால் பி.வி.சி. கூடவே கூடாது. அதில் குளோரின் உண்டு, சூடாக்கினால் நச்சுப் புகை வரும். கல்லின் சூடும் எல்லை தாண்டக்கூடாது, தாண்டினால் மற்றப் பிளாஸ்டிக்கும் சிதைந்து புகையும்.

2002 முதல் சென்னை, மதுரை, ஈரோடு என்று ரோடுகள் போட்டார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றைச் சோதித்து 2008-இல் அறிக்கை வெளியிட்டது. வருடங்கள் கழித்தும் குழி விழவில்லை, ஜல்லி பெயரவில்லை என்றது. 2013-இல் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் இதற்கென விதிமுறை வகுத்தது. 2015 நவம்பரில் பெரிய நகரங்களைச் சுற்றிய சாலைகளில் பிளாஸ்டிக் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. 2018-இல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டு 'நம்மால் என்ன முடியும்' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அதே 2001-ஐ ஒட்டித்தான் நம் மாவட்டத்தில் கலெக்டர் சுப்ரியா சாகு பிளாஸ்டிக் பைக்கு எதிராக இயக்கம் தொடங்கினார். சுற்றுலாப் பயணிகளின் பையைச் சோதனைச் சாவடியில் திறந்து பார்த்தபோது எத்தனை பேர் முகம் சுளித்தார்கள்! தமிழ்நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல்தான். நாம் அதற்கு ஏறக்குறைய 18 வருடம் முன்னால் தொடங்கியவர்கள். அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

சரி, இந்த மலைக்குப் பிளாஸ்டிக் ரோடு பொருந்துமா? மெக்காடம் சொன்னதை இப்போது நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ரோட்டின் முதல் எதிரி தண்ணீர். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இந்த மழைக்குக் கல்லைப் பிடித்து வைக்கும் தோல் நல்லதுதான். ஆனால் வடிகால் அடைத்துக்கொண்டால் எந்தத் தோலும் காப்பாற்றாது. மலைப் பக்கத்துத் தண்ணீர் ரோட்டைக் கடந்து பள்ளத்துப் பக்கம் பாயும், அடிமண்ணைக் கரைத்துக் கொண்டு போகும், மேலே தார் மட்டும் அப்பளம் போல நிற்கும்.

அந்த வடிகாலை அடைப்பது எது? பெரும்பாலும் அதே பிளாஸ்டிக்தான். ஒரே பை, மதகின் வாயில் சிக்கினால் ரோட்டைக் கொல்கிறது, ஜல்லியின்மேல் உருகினால் ரோட்டைக் காக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது அதைப் பொறுக்கி, தரம் பிரித்து, கழுவி, காயவைத்து, வெட்டிக் கொடுக்கும் கைகள். பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்கள், மகளிர் குழுப் பெண்கள். பி.வி.சி. எது, மற்றது எது என்று பார்த்துப் பிரிப்பவர் அவர்கள்தான். அவர்களுக்குச் சரியான பயிற்சியும் கையுறையும் கூலியும் இல்லையென்றால் மதுரையில் நிரூபித்தது நம் மலையில் நிரூபணமாகாது.

இன்னொரு கவலையும் நியாயமானது. டயர் தேய்க்கத் தேய்க்க ரோடு தூளாகிறது. அந்தத் தூள் மழையில் ஓடைக்கும், ஓடையிலிருந்து பவானிக்கும் மோயாற்றுக்கும் போகும். கீழே இலட்சக்கணக்கானவர்கள் குடிக்கும் தண்ணீர் அது. 'குழி விழவில்லை' என்ற சோதனை மட்டும் போதாது, ஓரத்து ஓடைத் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். நான்காவது கேள்வி, தோண்டும் நாள் கேள்வி, இதற்கும் உண்டு.

என் கருத்தைக் கேட்கிறீர்கள் அல்லவா? மனு கொடுங்கள். ரோடு கெட்டால் பறித்த பசுந்தேயிலை வண்டியிலேயே சூடேறி வீணாகும். கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் சிறு விவசாயி வீட்டில் அது தெரியும். பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு அந்தக் குழிகள் என்ன என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஆனால் மனுவில் மூன்று வரி சேருங்கள். வடிகாலும் மதகும் முதலில் சரிசெய்ய வேண்டும். தரம் பிரிப்பவர்களுக்குப் பயிற்சியும் கூலியும் தர வேண்டும். ஓடைத் தண்ணீரை வருடத்துக்கு ஒருமுறை சோதித்து முடிவை ஊர் அறியச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் இரண்டு கட்சியும் ஒரே தாளில் கையெழுத்துப் போடலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம். 'ரோட்டுக்குத்தான் போகிறதே' என்று மஞ்சப்பையை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே கிடக்கும் குப்பைக்கு ரோடு ஒரு வழி. புதுக் குப்பைக்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. உங்கள் ஊர் ரோடு முதன்முதலில் எப்போது தார் கண்டது, அதற்கு முன் கப்பி ரோடா மண் ரோடா, ஜல்லி உடைத்தவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். மெக்பர்சன் பெயரும் லா பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. கல் உடைத்தவர்களின் கதை நம் வீட்டுத் திண்ணைகளில்தான் இருக்கிறது. அதைச் சொல்லக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். மழைக்காலம், கொண்டை ஊசி வளைவில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்